மீன் கூடைக்குள் மருந்து பாட்டில்

ஊரூர் ஆல்காட் குப்பத்துத் தேவானையிடம் மீன் வாங்கப் போகிறவர்கள் பேரம் பேசுகிற வாயை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. பெசன்ட் நகர் கடற்கரையோரம் காலை ஆறரைக்கே பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். யாராவது சங்கரா மீனைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனால் போதும், பிடித்துக்கொள்வாள். "மோந்து இன்னா சார் பாக்குற? மல்லிப்பூவா அது? கண்ணப் பாரு. கண்ணு பொய் சொல்லாது." கண் தெளிவாகப் புடைத்திருந்தால் இன்றைக்கு வந்த மீன். உள்ளே வாங்கி வெளுத்திருந்தால் நேற்றையது. முப்பத்திரண்டு வயதுக்குள் அவள் பார்த்த மீன் கண்களுக்குக் கணக்கே கிடையாது.

இப்பேர்ப்பட்ட வாய்க்காரி, ஆறு நாள் வாயைத் திறக்காமல் ஒரு காரியம் செய்தாள். புருஷனுக்குத் தெரியாது, நாத்தனாருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியாது.

தேவானைக்கு ஒரே பெண், மோனிஷா. நாலு வயது. போன கார்த்திகையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று கண்ணை மேலே செருகி, கைகாலை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு சாய்ந்தது. தேவானை போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. சாவிக்கொத்தைக் கையில் திணித்தவர்கள் நாலு பேர், முகத்தில் தண்ணீர் அடித்தவர்கள் நாலு பேர். மூன்றாவது தடவையும் அப்படி வந்த பிறகு அடையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வைதேகியிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்து, வலிப்பு நோய்தான் என்று சொல்லி, ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார்.

"காலைல நாலு மில்லி, ராத்திரி நாலு மில்லி. ஊசி இல்லாத சிரிஞ்சுல அளந்து குடுங்க தேவானை. ஒரு வேளைகூட நீங்களா நிறுத்தக் கூடாது. நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும்" என்றார். பிறகு பேனாவை வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "இந்த மருந்து ஈரல்ல போய்த்தான் கரையும். முக்காவாசிக் குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. சில குழந்தைங்களுக்கு ஈரல் தாங்காது. வாந்தி, சாப்பாடே வேணாம்னு சொல்றது, எந்நேரமும் தூக்கம், கண்ணு மஞ்சள், இதுல எது வந்தாலும் அன்னைக்கே வந்துடணும். நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க. நாமளும் அப்பப்ப ரத்தம் எடுத்து ஈரலைப் பார்த்துக்குவோம்."

ஈரல் எது என்று தேவானைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனை அறுக்கும்போது அந்தப் பக்கம் மட்டும் அவள் விரல் மெதுவாகப் போகும். ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பை உடைந்தால் மீன் முழுக்கக் கசந்துவிடும். ஆனாலும் பயத்துக்கு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்கத் தெரியும். பிள்ளை இழுத்துக்கொண்டு கிடந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அதனால் 'நிறுத்தக் கூடாது' என்பது மட்டும் மனசில் ஆழமாக உட்கார்ந்துகொண்டது. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் பாதி மறந்துபோனது.

நாலு மாசம் ஒரு வேளை தவறாமல் கொடுத்தாள். இழுப்பு வரவே இல்லை. முதல் ரத்தப் பரிசோதனையில் ஈரல் நன்றாக இருந்தது. அடுத்ததற்குச் சித்திரையில் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் மோனிஷாவுக்கு அம்மை போட்டுவிட்டது.

இங்கே சரோஜாதேவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேவானையின் புருஷன் ரகுபதிக்கு மூத்தவள். பிள்ளை இல்லை. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். மோனிஷா தூங்குவதே இந்த அத்தையின் முந்தானைக்குள்தான். குப்பத்தில் யார் வீட்டில் அம்மை போட்டாலும் முதலில் ஆள் அனுப்புவது சரோஜாதேவிக்குத்தான். எப்போது வேப்பிலை கட்டுவது, எப்போது முதல் தண்ணி ஊற்றுவது என்று அவள் சொன்னதுதான் சட்டம். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள்ளேயே அம்மை வந்தால் சும்மா இருப்பாளா? வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்பில் தாளிப்பது நின்றது. மீன் வாடை ஆகாது என்று தேவானையின் வியாபாரம் நின்றது. ரகுபதி கரையில் வலைக்குப் பக்கத்தில் படுக்கப் போனான். மூன்று தண்ணி ஊற்றும்வரை பிள்ளை படி தாண்டக் கூடாது, ஊசி மருந்து எதுவும் கிட்ட வரக் கூடாது.

"அண்ணி, அது அம்மைக்குக் குடுக்குற மருந்து இல்ல. இழுப்புக்கு. டாக்டரம்மா ஒரு வேளகூட..."

"தெரியும்டி. ஆத்தா எறங்கி வந்து புள்ள ஒடம்புல குந்திகினு கீறா. வந்தவ மூஞ்சி முன்னால மருந்து பாட்டில நீட்டுவியா? போ வெளியன்னு சொல்ற மாதிரி ஆவாது? பத்து நாளு. பத்து நாளு அவ பாத்துக்குவா."

நாத்தனார் முதுகு திரும்பியதும் தேவானை அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். முந்தின நாள்தான் வாங்கிய புதுப் பாட்டில், இருநூறு மில்லி. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்த காலி மீன் கூடைக்குள் அதை மறைத்தாள். அம்மை வீட்டில் மீன் கூடையை யார் தொடப்போகிறார்கள்? காலையில் சரோஜாதேவி வேப்பிலை பறிக்கப் போகும்போது நாலு மில்லி. சாயந்தரம் கோயிலுக்கு விளக்கேற்றப் போகும்போது நாலு மில்லி. இளநீரில் கலந்து, பிள்ளை வாயில் பொட்டுப் பொட்டாக விட்டாள். விடும்போதெல்லாம் 'கோச்சிக்காத தாயே, எனக்கு வேற வழி தெரியல' என்று உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டாள். அம்மனை ஏமாற்றுகிறோம் என்று அவளுக்கே பாதி நம்பிக்கை இருந்ததுதான் கொடுமை.

நாலாம் நாள் பாட்டிலைத் தூக்கினாள். வெயிட்டே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பாதிக்கும் கீழே. கூடையின் அடியைத் தடவியபோது விரலில் பிசுபிசுப்பு ஒட்டியது, இரண்டு எறும்பும் ஊர்ந்தது. மூடியைச் சரியாகத் திருகாமல் கவிழ்த்திருக்கிறேன், அறிவு கெட்டவள் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பாட்டிலை நிமிர்த்தி வைத்தாள்.

ஐந்தாம் நாள் மோனிஷா இளநீரை வாந்தி எடுத்தாள். மோரையும் எடுத்தாள். ஆறாம் நாள் காலையிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை. "முத்து எறங்குற நேரம். அசதி இருக்கும்" என்றாள் சரோஜாதேவி. அதை வழக்கம்போல அதட்டிச் சொல்லவில்லை, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு புது வேப்பிலை பறித்து வருகிறேன் என்று எழுந்து போனாள்.

பகல் பன்னிரண்டு மணி. வெளியே மணல் கொதித்தது. தேவானை பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டாள். "மோனி. மோனிம்மா. அம்மாவப் பாரு." கன்னத்தைத் தட்டினாள். பிள்ளை முனகிவிட்டுத் திரும்பிப் படுத்தது. தலையிலிருந்து கால்வரை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிய உடம்பு. அப்போதுதான் ஆஸ்பத்திரி வாசலில் உதிர்ந்துபோன அந்த மீதிப் பாதி அவளுக்கு ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தது. வாந்தி. சாப்பாடு வேண்டாம். எந்நேரமும் தூக்கம். நாலாவதாக என்ன சொன்னார்கள்? கண்ணு மஞ்சள்.

மஞ்சள்தான் உடம்பெல்லாம் இருக்கிறதே! இதில் எந்த மஞ்சளைக் கண்டுபிடிப்பது?

கட்டைவிரலால் பிள்ளையின் இமையை மேலே தள்ளினாள். கடையில் மீனைப் பிடிக்கிற அதே பிடி. ச்சீ என்று தன் கையையே வைதுகொண்டாலும் விடவில்லை. வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இல்லை. பூசிய மஞ்சள் வியர்வையில் இறங்கியிருக்குமோ? ஈரத்துணியால் இமையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். போகவில்லை. வாயைத் திறந்து, நாக்கை விரலால் தூக்கிப் பார்த்தாள். அங்கேயும் மஞ்சள். நாக்குக்கு அடியில் யாரும் மஞ்சள் பூசவில்லை.

பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு, பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசலில் சரோஜாதேவி கை நிறைய வேப்பிலையோடு நின்றாள்.

"எங்கடி தூக்கினு போற?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ரெண்டாவது தண்ணிகூட ஊத்தல. படி தாண்டினா..."

"கண்ணு மஞ்சளா கீது அண்ணி! ஈரல் போய்க்கினு கீது! வழிய வுடு. ஆத்தா வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ வழிய வுடு!"

சரோஜாதேவி அடிப்பாள் என்றுதான் தேவானை நினைத்தாள். ஆனால் 'ஈரல்' என்று கேட்டதும் அந்த முகம் செத்துப்போனது. "இரு" என்றாள். "ஆத்தாள வீட்ல தனியா வுட்டு வர முடியாது. அவளையும் கூட்டினு போலாம்." வாசலில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்தை உருவிக்கொண்டு அவளும் இறங்கினாள்.

ஸ்டாண்டில் நாலு ஆட்டோ. மஞ்சள் பூசிய பிள்ளையைப் பார்த்ததும் மூன்று டிரைவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நாலாவது ஆள் அப்துல் சமத். திருவல்லிக்கேணிக்காரர், வாரத்தில் இரண்டு நாள் காசிமேட்டு மீன் துறைமுகத்திலிருந்து தேவானையின் கூடைகளை ஏற்றி வருகிறவர். "பாத்துகினு இன்னா நிக்குற? ஏறு தங்கச்சி" என்றார். சரோஜாதேவி கேட்காமலே வேப்பிலையில் பாதியை அவர் கண்ணாடிக் கம்பியில் செருகினாள். "செருகுமா, நல்லா செருகு. நம்ம புள்ள பொழச்சா சரி" என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

அடையாறு சிக்னலில் வண்டி நின்றது. நூறு விநாடி என்று விளக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அறுபதாவது விநாடியில் மோனிஷாவின் இடது கை வெட்டியது. நாலு மாசமாக வராத இழுப்பு. தேவானை பிள்ளையை மடியில் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். சரோஜாதேவி வேப்பிலையால் விசிறிக்கொண்டே இருந்தாள். அவள் வாய் ஏதோ முணுமுணுத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. அப்துல் சமத் ஹாரன்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

அவசரப் பிரிவில் டாக்டர் ராம்குமார் என்ற இளவயசுக்காரர் இருந்தார். தகவல் தெரிந்து ரகுபதியும் சினேகிதன் பைக்கில் வந்து சேர்ந்தான். கைலி மடிப்பில் இன்னும் மணல்.

"கண்ணு மஞ்சளா கீது சார்" என்று தேவானை முதலில் அதைத்தான் சொன்னாள்.

டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார். "இவ்ளோ மஞ்சள் பூசியிருக்கீங்களேம்மா, கண்ணுக்குள்ளயும் இறங்கியிருக்கும். ரத்தம் எடுத்துடலாம், ரிசல்ட்ல தெரியும். வலிப்புக்கு மருந்து குடுத்துட்டு இருந்தீங்களா?"

ரகுபதிதான் பதில் சொன்னான். பொய் சொல்லத் தெரியாதவன். தனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னான். "எங்காண்ட அம்மை போட்டா மருந்து குடுக்க மாட்டாங்க டாக்டர். ஆறு நாளா குடுக்கல."

"அதான் பார்த்தேன்! ஆறு நாள் நிறுத்தினா ஃபிட்ஸ் வராம என்ன செய்யும்? தூக்கமும் அதனாலதான்." டாக்டர் நர்சைப் பார்த்துத் திரும்பினார். "சிஸ்டர், பாப்பா சாப்பிட்டுட்டு இருந்த அதே மருந்தை ட்ரிப்ஸ்ல ஏத்திடலாம். ரெடி பண்ணுங்க."

நர்ஸ் அலமாரிப் பக்கம் போனாள். தேவானை புருஷனைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். இப்போது வாயைத் திறந்தால் அவ்வளவுதான். ஆத்தா இருந்த உடம்பில் மருந்தை ஊற்றிப் பிள்ளையை இந்தக் கதிக்கு ஆளாக்கியவள் என்று குப்பமே பேசும். சரோஜாதேவி சாகும்வரை மன்னிக்க மாட்டாள். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் ரகுபதி முகத்தில் முழிக்கவே முடியாது. நர்ஸ் மருந்துக் குப்பியின் மூடியைத் தட்டினாள்.

"ஏத்தாதீங்க!" காசிமேட்டு ஏலத்தில் கத்துகிற குரல் அது. எல்லாரும் திரும்பினார்கள். "குடுத்தேன் சார். நான் குடுத்தேன். யாருக்கும் தெரியாம ஒரு வேளகூட வுடாம குடுத்துகினுதான் இருந்தேன். என் கண்ண நம்பல இல்ல? நாக்குக்கு அடில தூக்கிப் பாருங்க. அங்க யாரும் மஞ்சள் பூசல."

டாக்டர் நாக்கைத் தூக்கிப் பார்த்தார். நர்சைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார். ரகுபதி பெண்டாட்டியை முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"நாலு மில்லி. ரெண்டு வேள. அளந்துதான் சார்." இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எப்ப வாங்கினது?"

"அம்மை போட்டதுக்கு மொத நாளு."

"ஆறு நாளைக்கு நீங்க சொல்ற கணக்குல ஐம்பது மில்லிகூட போயிருக்காது. இதுல கால் பாட்டில்தான் இருக்கு. மீதி எங்கம்மா?"

"கொட்டிருக்கும்னு நெனச்சேன் சார். கூடைல பிசுபிசுன்னு..."

"கொட்டல" என்றது ஒரு குரல்.

சரோஜாதேவி. சுவரோரம் நின்றிருந்தாள். கையில் இன்னும் வேப்பிலை.

"நானும் குடுத்தேன்" என்றாள். "கட்டிலுக்கடில பெருக்கறப்ப கூடைல பாட்டிலப் பாத்தேன். என் பேச்சக் கேட்டு இவ தூக்கிப் போட்டுட்டான்னு நெனச்சேன். மொத நாளு ராவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்ல சாமி. புள்ள இழுத்துகினு கெடந்தது கண்ணுலயே நின்னுது. விடியகாலைல ஒரு மூடி, இவ குளிக்கப் போறப்ப ஒரு மூடி. எவ்ளோன்னு எனக்குத் தெரியாது. மூடி ரொம்ப ஊத்தினேன்."

மருந்தே கூடாது என்று விலக்கி வைத்த வீட்டில், பிள்ளை மூன்று பங்கு மருந்தைக் குடித்திருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பழைய சிரப் அந்த நிமிஷமே நின்றது. ஈரலுக்குப் பாரமில்லாத வேறு வலிப்பு மருந்து ஊசி வழியாகப் போனது. மோனிஷாவைத் தனி அறைக்கு மாற்றினார்கள். ரத்தம் எடுக்க வந்த பெண்ணுக்கு மஞ்சள் பூச்சில் நரம்பு தெரியவில்லை. யாரும் சொல்லாமலே சரோஜாதேவி பஞ்சை நனைத்து, தான் பூசிய மஞ்சளைத் தானே துடைத்துக் கொடுத்தாள். ஊசி ஏறும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் வைதேகி மாலையில் வந்து காகிதங்களைப் பார்த்தார். "அம்மையே ஈரலைக் கொஞ்சம் தொடும். அதுக்கு மேல இவ்வளவு மருந்து. ஈரல் கெட்டதாலதான் மருந்து உள்ள இருந்தும் இழுப்பு வந்துச்சு. ரெண்டு நாள் தாண்டணும், இப்ப என்னால எதுவும் சொல்ல முடியாது" என்றார். கதவருகே போனவர் திரும்பி நின்றார். "ரெண்டு பேரும் வாயைத் திறந்தீங்க, நல்லவேளை. இல்லேன்னா மூணாவது ஆளா நாங்களும் அதே மருந்தை ஏத்தியிருப்போம்."

அந்த இரண்டு நாளை எப்படிச் சொல்வது? வராந்தா பெஞ்சில் இரண்டு பெண்களும் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் நாள் தேவானைக்குத் தாங்கவில்லை. "ஊருக்கெல்லாம் குடுக்காத குடுக்காதன்னு சொல்லிட்டு, நீயே எப்படி அண்ணி?"

"ஊருக்குச் சொன்னவதான்டி மாட்டிகினேன்" என்றாள் சரோஜாதேவி. "எல்லாரும் என் வாயத்தான பாக்கறாங்க. அவங்க முன்னால எப்படிக் குடுப்பேன்? குடுக்காம எப்படி இருப்பேன்? நீ எங்கிட்ட ஒரு சண்ட போட்டிருக்கலாம்ல. மீன் வாங்க வர்றவன்கிட்டலாம் போடுற." இதைச் சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். தேவானை நகர்ந்து போய் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கும் அழுகைதான் வந்தது.

மூன்றாம் நாள் காலை மோனிஷா கண்ணைத் திறந்து, "அத்த, பசிக்குது" என்றாள். அம்மாவைக் கூப்பிடவில்லை. தேவானை அதற்குக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. இழுப்புக்கு அந்தப் புது மருந்தையே சிரப்பாக எழுதிக் கொடுத்தார்கள், வேளைக்கு மூன்று மில்லி. ஈரல் பழைய நிலைக்கு வர ஐந்து வாரம் ஆனது. வாரா வாரம் ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டது சரோஜாதேவிதான்.

இப்போதும் குப்பத்தில் அம்மை போட்டால் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். போகிறாள், வேப்பிலை கட்டுகிறாள். ஆனால் படியேறும்போதே முதலில் ஒன்று கேட்கிறாள். "புள்ளைக்கி வேற மருந்து எதுனா குடுத்துகினு கீறியா? மறைக்காம சொல்லு. டாக்டராண்ட கேட்டியா?"

காலை எட்டு மணிக்குத் தேவானையின் பலகையைச் சுற்றி வியாபாரம் மும்முரமாக இருக்கும். சந்து முனையில் சரோஜாதேவி வந்து நிற்பாள். இடுப்பில் மோனிஷா. கையில் ஊசியில்லாத சிரிஞ்சு. கடற்கரையில் நடக்க வந்தவர்கள் உட்பட அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி ஒரு குரல் கொடுப்பாள்.

"தேவானே! புள்ளைக்கி மருந்து குடுத்துட்டேன்! நீ குடுக்காத!"

"எவ்ளோ அண்ணி?"

"மூணு மில்லி! அளந்துதான்!"

தேவானை மீன் வெட்டுகிற கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, அடுத்த மீனை எடுப்பாள்.